விண்ணப்பத்தோடு போட்டோ வைக்கலாமா? பைலட் வேலை தேடும் பிள்ளைகளுக்குப் பத்து அறிவுரைகள்

சிபிஎல் என்கிற கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கைக்கு வந்த கையோடு என்னைப் பார்க்க வரும் பிள்ளைகள் கேட்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். எந்த ஏர்லைன்ஸ் ஆள் எடுக்கிறது, ஏர்பஸ்ஸுக்கு டைப் ரேட்டிங் எடுப்பதா போயிங்குக்கு எடுப்பதா, அப்பா வாங்கின கடனை எத்தனை வருஷத்தில் அடைக்கலாம். இதெல்லாம் பேசி முடித்து வாசலில் செருப்பு மாட்டும்போது, "சார், பயோடேட்டாவில் போட்டோ வைக்கணுமா?" என்று கேட்பார்கள். சின்ன விஷயம் என்று நினைத்துத்தான் அதைக் கடைசியில் கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்வியில் சட்டம் இருக்கிறது, நிறம் இருக்கிறது, ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள், ஒரு உச்ச நீதிமன்ற வழக்கே இருக்கிறது. செருப்பு மாட்டுகிற நேரத்தில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

பல வருஷம் காக்பிட்டிலும் பிறகு கொஞ்ச காலம் ஆள் எடுக்கும் மேசைக்குப் பின்னாலும் உட்கார்ந்தவன் நான். வயதின் உரிமையில் 'நீ' என்றே எழுதுகிறேன். தம்பிக்கும் தங்கைக்கும் சேர்த்துத்தான்.

1. கேட்டால் வை, கேட்காவிட்டால் வைக்காதே.

அறிவிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படி. முழுதாகப் படி. "சமீபத்திய பாஸ்போர்ட் சைஸ் படம்" என்று இருந்தால் அதை வை. விண்ணப்பப் பக்கத்தில் படத்துக்குத் தனியாக ஒரு கட்டம் இருந்தால் அங்கே ஏற்று. இரண்டும் இல்லையென்றால், அவர்களுக்கு இப்போதைக்கு உன் முகம் தேவையில்லை என்று பொருள். "இருந்தா நல்லாத்தானே இருக்கும்" என்று நீயாக ஒன்றைச் சேர்க்காதே. பைலட் வேலையே, சொன்னதைச் சொன்னபடி செய்வதும் சொல்லாததைக் கேட்டுவிட்டுச் செய்வதும்தான். செக்லிஸ்ட்டில் இல்லாத ஒன்றை முதல் நாளே செய்கிறவனைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

2. எந்த நாட்டுக்கு அனுப்புகிறாய் என்று பார்.

நம் ஊரில் ரேஷன் கார்டிலிருந்து தேர்வு ஹால் டிக்கெட் வரை எல்லாவற்றிலும் முகம் வேண்டும். அதனால் உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்திய ஏர்லைன்ஸுகள் விண்ணப்பத்திலோ, தேர்வு நாளிலோ படம் கேட்பது வழக்கம்தான். வளைகுடா நாடுகளிலும் கேட்பது சாதாரணம். ஜெர்மனியில் பயோடேட்டாவின் தலைப்பில் நல்ல ஸ்டூடியோ படம் வைப்பது பல தலைமுறைப் பழக்கம். 2006-ல் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்த பிறகு அது கட்டாயமில்லை, ஆனாலும் பலர் இன்னும் வைக்கிறார்கள். பிரிட்டனில் வைப்பதில்லை.

அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். வேலையில் சம வாய்ப்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையம், விண்ணப்பதாரரிடம் படம் கேட்கக் கூடாது என்றே நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அடையாளத்துக்கு வேண்டுமென்றால் வேலை கொடுத்து, அவர் ஏற்றுக்கொண்ட பிறகு வாங்கிக்கொள்ளலாம். அங்கே நீயாகப் படம் வைத்து அனுப்பினால், பிற்பாடு யாராவது "முகத்தைப் பார்த்துத்தான் தள்ளினார்கள்" என்று வழக்குப் போடுவார்களோ என்ற பயத்தில் ரெஸ்யூமேயையே ஓரமாக வைத்துவிடுகிறவர்களும் உண்டு. நம் பிள்ளைகளில் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். இங்கே பயிற்சி முடித்துவிட்டு, பிறகு கிரீன் கார்டோடு போகிறவர்கள்தான் இந்திய பயோடேட்டாவை அப்படியே கொண்டுபோகிறார்கள். அப்பா பெயர், மதம், திருமண நிலை, மூலையில் ஒரு படம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அனுப்பு.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். அமெரிக்க பைலட் லைசென்ஸ் அட்டையில் இரண்டு முகங்கள் அச்சாகியிருக்கும். ஆனால் இரண்டுமே லைசென்ஸ் வைத்திருப்பவருடையவை அல்ல, ரைட் சகோதரர்களுடையவை! தன் முகத்தைக் காட்ட பைலட் வேறொரு அடையாள அட்டையைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி.

3. படம் கேட்கக் கூடாது என்ற அந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்.

மார்லன் கிரீன் என்று ஒரு கறுப்பின அமெரிக்கர். ஆர்கன்சா மாநிலத்தின் எல் டொராடோ ஊர்க்காரர். அமெரிக்க விமானப்படையில் ஒன்பது ஆண்டு இருந்து, பல என்ஜின் விமானங்களில் மட்டும் 3,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். ஏர்லைன்ஸுகள் இனி கறுப்பினத்தவரையும் சேர்க்கும் என்ற பேச்சு அடிபட்டதை நம்பி 1957-ல் படையை விட்டு வெளியே வந்தார். நிறுவனம் நிறுவனமாக விண்ணப்பித்தார். கதவு எங்கும் திறக்கவில்லை.

டென்வரில் தலைமையகம் வைத்திருந்த கான்டினென்டல் ஏர்லைன்ஸின் விண்ணப்பப் படிவத்தில் இனம் என்ன என்று ஒரு கட்டம். கூடவே ஒரு படமும் ஒட்ட வேண்டும். கிரீன் கட்டத்தை நிரப்பவில்லை, படமும் ஒட்டவில்லை. அவருடைய மணிக்கணக்கைப் பார்த்துத் தேர்வுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போனார், விமானத்தையும் ஓட்டிக் காட்டினார். அவரோடு வந்த வெள்ளையர்கள், அவரைவிடக் குறைந்த மணிகள் பறந்தவர்கள், வேலைக்குச் சேர்ந்தார்கள். அவருக்கு வேலை கிடைக்கவில்லை.

கொலராடோ மாநிலத்தின் பாகுபாடு எதிர்ப்பு ஆணையத்திடம் முறையிட்டார். ஆணையம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நிறுவனம் விடவில்லை. எங்கள் விமானம் மாநிலம் மாநிலமாகப் பறக்கிறது, ஒரு மாநிலத்தின் சட்டம் எங்களை எப்படிக் கட்டுப்படுத்தும் என்று வாதாடியது. மாநில நீதிமன்றங்கள் அதை ஏற்றுக்கொண்டன. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1963 ஏப்ரல் 22 அன்று நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருமனதாக கிரீனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் பிறகும் இழுபறிதான். 1965-ல்தான் கான்டினென்டலில் சேர்ந்தார், 1978 வரை பறந்தார். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து எட்டு ஆண்டு. ஒரு பைலட்டின் வாழ்க்கையில் எட்டு ஆண்டு என்றால் என்ன என்று சீனியாரிட்டி பட்டியலில் நின்றவர்களைக் கேள். சம்பளம், ரூட், கேப்டன் பதவி எல்லாமே அந்த வரிசைப்படிதான். அவர் இறந்தது 2009-ல். அடுத்த ஆண்டு அதே நிறுவனம் ஒரு போயிங் 737-க்கு அவர் பெயரைச் சூட்டியது.

இதில் இன்னொரு கிளைக்கதை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு திறந்துவிட்ட வழியில் கிரீனுக்கும் முன்பே, 1964-ல், அமெரிக்கன் ஏர்லைன்ஸில் டேவிட் ஹாரிஸ் என்பவர் சேர்ந்துவிட்டார். பெரிய அமெரிக்க நிறுவனம் ஒன்றில் சேர்ந்த முதல் கறுப்பின பைலட் அவர்தான். அவர் நல்ல வெளிர் நிறம். படத்தைப் பார்த்தால் தெரிந்திருக்காது. ஆனால் நேர்காணலில் அவரே தன் இனத்தைச் சொல்லிவிட்டார். பின்னால் தெரிந்து பிரச்சினை வருவதைவிட முன்னாலேயே சொல்லிவிடலாம் என்று. அதே 1964-ல்தான் குடிமை உரிமைகள் சட்டமும் வந்தது.

இவ்வளவு நீளமாக ஏன் சொல்கிறேன் என்றால், "போட்டோதானே, என்ன இப்போ" என்கிற பிள்ளைகள் அதிகம். ஒரு காலத்தில் அந்தச் சதுரத்தில் ஒட்டும் படம் யாரை உள்ளே விடுவது என்பதற்கு அல்ல, யாரை வெளியே நிறுத்துவது என்பதற்குத்தான் பயன்பட்டது.

4. படம் எதற்கு என்று தெரிந்தால் எப்படி எடுப்பது என்று தெரிந்துவிடும்.

விமானிகளுக்குச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்தே படம் கூடவே இருக்கிறது. பிரிட்டனின் ராயல் ஏரோ கிளப் 1910 முதல் தான் சான்றிதழ் கொடுத்தவர்களின் முகங்களை ஆல்பம் ஆல்பமாகச் சேர்த்து வைத்தது. அமெரிக்காவில் எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாததால் பிரான்சுக்குப் போய் 1921-ல் லைசென்ஸ் வாங்கிய பெஸ்ஸி கோல்மனின் சான்றிதழிலும் அவர் முகம் இருக்கிறது. அங்கே படத்துக்கு ஒரே வேலை: இந்தத் தாள் இந்த ஆளுடையது என்று காட்டுவது.

விண்ணப்பத்திலும் அதே வேலைதான். தேர்வு நாளன்று வாசலில் பெயரைச் சரிபார்ப்பவர் உன் முகத்தையும் படத்தையும் பார்ப்பார். அதன் பிறகு எழுத்துத் தேர்வு, சைக்கோமெட்ரிக், சிமுலேட்டர், நேர்காணல் என்று போகும் ஒவ்வொரு தாளின் மூலையிலும் அந்தப் படம் போகும். சிமுலேட்டரில் அரை இருட்டில் உன் பின்தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எக்ஸாமினர், மாலையில் மார்க் போட உட்காரும்போது காலையில் வந்த மூன்றாவது பையன் யார் என்று அதைப் பார்த்துத்தான் நினைவுபடுத்திக்கொள்வார். ஆக, படம் உன்னைப்போல இருக்க வேண்டும். அவ்வளவுதான். அழகாக இருக்க வேண்டும் என்று எந்த மேசையிலும் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அளவு சொல்லியிருந்தால் அதே அளவு. பொதுவாக 35-க்கு 45 மில்லிமீட்டர். அமெரிக்க பாணியென்றால் இரண்டு அங்குலச் சதுரம். பாஸ்போர்ட் படங்களுக்கான சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் வழிகாட்டுதல்படி, முகம் படத்தின் உயரத்தில் 70 முதல் 80 சதவீதம் வர வேண்டும். விண்ணப்பத்துக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். வெள்ளைப் பின்னணி, நேர்ப் பார்வை, இரண்டு காதும் தெரிகிற மாதிரி, முகத்தில் நிழல் விழாமல். வெள்ளைச் சட்டையை வெள்ளைப் பின்னணியில் போடாதே, தலை மட்டும் தனியாக மிதக்கும். நீலமோ சாம்பலோ போடு. கோட் இருந்தால் போடு, இல்லையென்றால் ஸ்டூடியோவில் தொங்கும் கோட்டைக் கடன் வாங்காதே. தோள் இடிக்கும், காலர் தொங்கும், பார்த்தவுடன் தெரியும்.

ஃபைல் பெயரில் உன் பெயர் இருக்கட்டும். "வாட்ஸ்அப் இமேஜ்" என்று தொடங்கும் பெயரோடு வரும் படங்களை எத்தனை பேர் அனுப்புகிறார்கள் என்று சொன்னால் நம்பமாட்டாய்.

5. ஸ்டூடியோக்காரர் உன்னை வெளுக்கப் பார்ப்பார். விடாதே.

இதை நம்மவர்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் கேட்காமலேயே நடக்கும் சேவை இது. நீ உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் கம்ப்யூட்டரில் இரண்டு தட்டுத் தட்டி, நிறத்தை நாலு படி ஏற்றி, பருவை அழித்து, தாடையைக் கொஞ்சம் ஒதுக்கி, "எப்படி இருக்கு சார்!" என்பார். அம்மாவுக்கும் பிடித்துவிடும். கல்யாணத் தரகரிடம் கொடுக்கிற படத்துக்கு அது எப்படியோ போகட்டும். இங்கே அது கெடுதல். வாசலில் நிற்பவர் படத்தையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்து, "இது நீங்கதானா?" என்று கேட்கும் நிலை வந்தால், தேர்வு தொடங்குமுன்பே நீ விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பாய்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நான் மேசைக்குப் பின்னால் இருந்தபோது பார்த்தது இது: படத்தில் வெளுத்து வந்த பிள்ளைகளில் பலர் நேரில் கொஞ்சம் கூசிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். தன் முகம் போதாது என்று தானே ஒப்புக்கொண்டு வந்தவர் மாதிரி. உன் தோல் எந்த நிறமோ அதே நிறத்தில் எடு. கறுப்பாக இருக்கிறாய் என்று ஒரு நிறுவனம் உன்னைத் தள்ளுமானால், அந்த நிறுவனத்தை நாலு படி நிறம் ஏற்றிய படம் ஏமாற்றப்போவதில்லை.

செல்போனில் ஒரு செல்ஃபியைக் கொடுத்தால் கோட்டு சூட்டோடு புது முகம் வரைந்து கொடுக்கும் ஏஐ செயலிகளுக்கும் இதே பதில். அது வரைவது உன் அண்ணனைப்போல ஒருவரை.

6. தோளில் இல்லாத பட்டையைப் படத்தில் குத்தாதே.

கேப்டனுக்கு நான்கு பட்டை, ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு நிறுவனத்தைப் பொறுத்து மூன்றோ இரண்டோ. 1930-களில் பான் ஆம் நிறுவனம் கடற்படை பாணியில் தன் பைலட்டுகளுக்குச் சீருடை கொடுத்ததிலிருந்து உலகம் முழுக்க ஏறக்குறைய இதே வழக்கம். பயிற்சிப் பள்ளியின் சட்டையில் உனக்கு எத்தனை பட்டை கொடுத்தார்களோ, அது அந்தப் பள்ளிக்குள் மட்டும் செல்லும். ஏர்லைன்ஸ் விண்ணப்பத்தில் சீருடையே வேண்டாம். வேறொரு நிறுவனத்தில் இப்போது வேலையில் இருந்தாலும் அதன் சீருடையில் படம் அனுப்பாதே. அங்கே இருந்துகொண்டே இங்கே விண்ணப்பிக்கிறாய் என்பதை அந்த நிறுவனத்தின் சின்னத்தை அணிந்துகொண்டா சொல்வது?

2024 ஏப்ரலில் டெல்லி விமான நிலையத்தில், வெளிநாட்டு ஏர்லைன்ஸ் ஒன்றின் பைலட் உடையில் போலி அடையாள அட்டையோடு நின்ற ஓர் இளைஞரை மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பிடித்தார்கள். பைலட் ஆகிவிட்டதாக வீட்டில் சொல்லிவைத்திருந்தாராம். எனக்கு அந்தப் பையன்மேல் கோபம் வரவில்லை. அந்தச் சட்டைக்கு நம் வீடுகளில் இருக்கும் மயக்கத்தை எல்லோரும் சேர்ந்துதான் வளர்த்தோம்.

7. காக்பிட் படம் வேண்டவே வேண்டாம்.

செஸ்னாவில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கட்டைவிரலை உயர்த்தும் படம் உன் வாட்ஸ்அப் முகப்புக்குப் போதும். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் அதை வேறு விதமாகப் பார்ப்பார்கள். படத்தை யார் எடுத்தது, அப்போது விமானம் எங்கே இருந்தது, கட்டுப்பாடு யார் கையில் இருந்தது என்றுதான் யோசிப்பார்கள். 1974-ல் அமெரிக்காவின் சார்லட் நகருக்கு அருகில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று தரையிறங்கும்போது விழுந்து 72 பேர் இறந்தார்கள். இறங்குகிற நேரத்தில் காக்பிட்டில் நடந்தது ஊர்க்கதை. 1981-ல் அங்கே வந்த விதிப்படி 10,000 அடிக்குக் கீழே விமானத்தைப் பற்றிய வேலையைத் தவிர வேறு பேச்சே கூடாது. 2014-ல் இன்னொரு விதி வந்தது. விமானம் இயக்கத்தில் இருக்கும்போது ஏர்லைன்ஸ் பைலட்டுகள் காக்பிட்டில் சொந்த விஷயத்துக்கு போனோ லேப்டாப்போ தொடக் கூடாது. இந்த விதிகளோடு வளர்ந்த கேப்டன்களிடம் நீ இறங்கும் நேரத்து செல்ஃபியைக் காட்டுகிறாய்.

இன்ஸ்டாகிராம் ரீல்களுக்கும் இது பொருந்தும். விண்ணப்பம் போடுமுன் ஒருமுறை பின்னோக்கிப் போய்ப் பார்த்துவிடு. நீ அனுப்பாத படத்தையும் அவர்களால் பார்க்க முடியும்.

8. கண்ணாடி, தாடி, பொட்டு, தலைப்பாகை.

கண்ணாடி போடுகிறவர்கள் அதை ஒரு குறையாக நினைத்து மறைக்கிறார்கள். வேண்டாம். பார்வையைக் கண்ணாடியால் தேவையான அளவுக்குச் சரிசெய்ய முடிந்தால் கிளாஸ் 1 மெடிக்கல் கிடைக்கும். கண்ணாடி அணிந்துதான் பறக்க வேண்டும், உபரியாக இன்னொன்று கையில் இருக்க வேண்டும் என்று சான்றிதழில் எழுதிக் கொடுப்பார்கள். படத்தைப் பொறுத்தவரை, வெளிச்சம் எதிரொளித்துக் கண்ணை மறைக்கும் என்பதால் கழற்றிவிட்டு எடுப்பது நல்லது. அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு 2016 நவம்பரிலிருந்து கண்ணாடி போட்ட படத்தையே ஏற்பதில்லை.

தாடி விஷயம் அந்தந்த நிறுவனத்தின் விதிப்புத்தகம். பல காலம் கூடவே கூடாது என்றார்கள். ஆக்சிஜன் மாஸ்க் முகத்தில் ஒட்டாது என்பது காரணம். கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் காற்றழுத்த அறைக்குள் தாடிக்காரர்களை உட்கார வைத்துச் சோதித்தார்கள். மாஸ்க் ஒழுங்காகவே வேலை செய்தது. 2018-ல் ஏர் கனடா தன் பைலட்டுகளுக்குத் தாடியை அனுமதித்தது. எல்லோரும் அனுமதித்துவிடவில்லை. தேர்வு நாளன்று எப்படி இருப்பாயோ அப்படியே படத்திலும் இரு. படத்தில் மழித்த முகம், நேரில் மூன்று மாதத் தாடி என்று வராதே.

பொட்டு, திருநீறு, தலைப்பாகை, முக்காடு: முகம் நெற்றியிலிருந்து தாடை வரை தெளிவாகத் தெரிந்தால் போதும். வழக்கமாக நீ எப்படியோ அப்படி.

9. தங்கைகளுக்கு.

1934-ல் ஹெலன் ரிச்சி என்ற பெண்ணை அமெரிக்காவில் சென்ட்ரல் ஏர்லைன்ஸ் பைலட்டாகச் சேர்த்துக்கொண்டது. பத்திரிகைகளில் படம் படமாக வந்தது. ஆனால் ஆண் பைலட்டுகளின் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது, மோசமான வானிலையில் ஓட்டவிடாதீர்கள் என்று அரசுத் தரப்பிலிருந்தும் நிறுவனத்துக்குச் சொன்னார்கள். விளம்பரத்துக்குக் கூப்பிட்ட அளவுக்கு அவரை ஓட்டக் கூப்பிடவில்லை. 1935-லேயே விலகிவிட்டார். அதன் பிறகு 1973 ஜனவரியில்தான் எமிலி வார்னர் ஃப்ரான்டியர் ஏர்லைன்ஸில் சேர்ந்தார். நம் நாட்டில் துர்பா பானர்ஜி 1960-களிலேயே இந்தியன் ஏர்லைன்ஸில் பைலட்டாகிவிட்டார். இன்று பெண் பைலட்டுகளின் விகிதத்தில் உலக சராசரியைவிட இந்தியா வெகுவாக மேலே இருக்கிறது. அந்தப் பெருமை உனக்குத் தாராளமாக இருக்கட்டும்.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். பைலட் வேலைக்கு முகப் படம் போதும். முழு உருவப் படம், பக்கவாட்டுப் படம், புடவையில் ஒன்று, மாடர்ன் டிரெஸ்ஸில் ஒன்று என்று யாராவது கேட்டால், அங்கே பைலட் வேலை இல்லை. உயரமும் கை நீளமும் தேவையென்றால் தேர்வு நாளில் டேப் வைத்து அளந்துகொள்வார்கள். ஏர்லைன்ஸ் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் ஏஜென்ட்டுகள் படத்தையும் பாஸ்போர்ட் நகலையும் வாங்கிக்கொண்டு, பிறகு "ப்ராசஸிங் சார்ஜ்" என்பார்கள். கேடட் திட்டங்களில் தேர்வுக் கட்டணம் உண்டுதான். அது நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில், ரசீதோடு கட்டுவது. ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு எந்த ஏர்லைன்ஸும் பணம் வாங்குவதில்லை. இது தம்பிகளுக்கும்தான். ஆனால் படத்தை வைத்துத் தொந்தரவு செய்யப்படுவது பெரும்பாலும் தங்கைகள் என்பதால் இங்கே சொன்னேன்.

10. முகம் ஒத்துப்போனால் போதாது, பெயரும் ஒத்துப்போக வேண்டும்.

படத்துக்காக நாலு ஸ்டூடியோ ஏறி இறங்கும் பிள்ளைகள் இதைக் கவனிப்பதில்லை. நம் இனிஷியல் பழக்கம் இந்தியாவின் மற்ற பகுதிக்காரர்களுக்கே புரியாது, வெளிநாட்டுக்காரருக்கு எங்கே புரியும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ பதிவில் ஒரு மாதிரி, வெளிநாட்டில் பறந்து வாங்கிய லைசென்ஸில் இன்னொரு மாதிரி. நாலு தாளிலும் முகம் ஒன்றுதான், பெயர் மட்டும் நாலு பேருடையது. சரிபார்ப்பவர் கோப்பை மூடி ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். பெயரை மாற்றும் வேலை மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் பயிற்சியில் சேருமுன்பே எல்லாத் தாளிலும் ஒரே எழுத்துக்கூட்டலைக் கொண்டுவந்துவிடு. 2025 பிப்ரவரியிலிருந்து இந்திய பைலட் லைசென்ஸ் மின்னணு வடிவில் செல்போனுக்கே வருகிறது. பெயரிலும் படத்திலும் இருக்கும் வேறுபாடு இனிமேல் பழைய அட்டைப் புத்தகத்தின் மடிப்பில் ஒளிந்துகொள்ளாது.

படமும் ஒவ்வொரு தாளிலும் ஓரளவு ஒரே காலத்ததாக இருக்கட்டும். பள்ளிச் சீருடையில் எடுத்த படத்தை சிபிஎல் விண்ணப்பத்துக்கு வைத்த பிள்ளை ஒருவர் உண்டு. பெயர் சொல்லமாட்டேன், இப்போது கேப்டன்.

பத்தோடு நிறுத்துகிறேன். இவ்வளவு சொன்னதால், படம் சரியாக இருந்தால் வேலை கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் இருந்த எந்தக் குழுவிலும் படத்தைப் பார்த்து ஒருவருக்கு ஒரு மார்க் கூட ஏறியதில்லை. ஆள் யார் என்று அடையாளம் காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடும். மீதி நேரம் முழுக்க உன் லாக்புக்கில் இருக்கும் மணிகள், அவை எந்த விமானத்தில், எத்தனை மணி இரவில், எத்தனை கருவிகளை மட்டும் பார்த்து, சிமுலேட்டரில் ஒரு என்ஜின் நின்றபோது உன் கை என்ன செய்தது, தெரியாததைத் தெரியாது என்று சொன்னாயா, இதெல்லாம்தான் பேசப்படும். சிபிஎல்லுக்குக் குறைந்தபட்சம் 200 மணி என்றால், அந்த 200-ஐ எப்படிப் பறந்தாய் என்று கேட்பார்கள். படத்துக்கு அரை மணி நேரம் செலவு செய். லாக்புக்கை ஒவ்வொரு வரியாகக் கூட்டிச் சரிபார்க்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கு.

நிறுவனங்களின் விதி அடிக்கடி மாறுகிறது. அதனால் விண்ணப்பிக்கும் அன்று அறிவிப்பை மறுபடி ஒருமுறை படித்துப் பார். அப்படியும் படம் வைப்பதா வேண்டாமா என்று ஐயம் இருந்தால், அந்த நிறுவனத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிக் கேள். என்னைக் கேட்காதே. நான் ஓய்வு பெற்றவன், அவர்கள்தான் ஆள் எடுக்கிறவர்கள்.